பசி கேட்கும் முன்னே

"பசித்துப் புசி" என்பது எங்கள் வீட்டின் எழுதப்படாத சட்டம். கீழக்கரையில் நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில், சஹனைச் சுற்றி அமர்ந்ததும் வாப்பா எங்கள் முகங்களை ஒருமுறை உற்றுப் பார்ப்பார்கள். "பசியோடு உட்கார வேண்டும், சற்றே பசி மிச்சமிருக்கும்போதே எழுந்துவிட வேண்டும்" என்பார்கள். வயிற்றுக்கு அடிமையாகாத மனிதனே மானமுள்ளவன் என்பது அவர்களுடைய துணிபு. அன்றியும், பிறர் வீட்டில் ஏதேனும் கொடுத்தால், முதல் தடவையும் இரண்டாம் தடவையும் "வேண்டாம்" என்று சொல்லவேண்டும், மூன்றாம் தடவை வற்புறுத்தினால் மட்டுமே கை நீட்டவேண்டும் என்பதும் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட நாகரிகம்.

இந்த இரு சட்டங்களையும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மீறாது வாழ்ந்தவன் நான். 2003 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வட இங்கிலாந்தின் ஆளரவமற்ற மலைச்சாலை ஒன்றில், அவ்விரு சட்டங்களுமே சேர்ந்து என்னைத் தரையில் உட்கார வைத்தன. அந்தக் கதையைச் சொல்வதற்கே இக்கட்டுரை. நம் பிள்ளைகள் பலர் இன்று பிரிட்டனிலும் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வாழ்கிறார்கள். அவர்களில் மிதிவண்டியில் நெடுந்தூரம் செல்வோரும் உண்டு. அவர்களுக்கு என் அனுபவம் பயன்படக்கூடும்.

பிழைப்பின் பொருட்டு 1996 இல் நான் லங்காஷயர் மாவட்டத்துப் பிரெஸ்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தேன். தொழிற்கூடம் ஒன்றில் வரைபடம் தீட்டும் வேலை. குஜராத்தி முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழும் நகரம் அது. பள்ளிவாசல்களுக்கும் ஹலால் கடைகளுக்கும் குறைவில்லை. வார நாள்களில் சைக்கிளிலேயே வேலைக்குப் போய்வந்தேன். அதைக் கண்ட சக ஊழியர் ஒருவர், ஞாயிறுதோறும் கூட்டமாகச் சைக்கிளில் செல்லும் தம் நண்பர்களோடு என்னைச் சேர்த்துவிட்டார்.

ஆங்கிலேயருக்கு இது நெடுநாளைய வழக்கம். சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்ற அவர்களுடைய பயணச் சங்கம் 1878 இல் தோன்றியது. ஒரே நாளில் 200 கிலோமீட்டரும் அதற்கு மேலும் குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிப்போருக்கென 1976 இல் ஆடாக்ஸ் யூகே என்னும் அமைப்பு உருவாயிற்று. கோடையில் மட்டுமல்ல, மாரியிலும் அவர்கள் ஓய்வதில்லை. குளிர்காலத்தில் வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டவன், வசந்தத்தில் ஏற்றத்தைக் கண்டு மூச்சு வாங்குவான் என்பது அவர்கள் கணக்கு.

எங்கள் கூட்டத்தில் அன்று ஏழு பேர். எழுபது வயதை நெருங்கிய ஒரு பெரியவரே தலைவர். இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அதிகம் பேசாதவர். அவருடைய கைக்கடிகாரம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்று ஒலிக்கும். ஒலித்ததும் எதையோ வாயில் போட்டுக்கொள்வார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. 'இந்த வயதிலும் இத்தனை நாவாசையா?' என்று உள்ளூர எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அன்றைய சுற்று ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பிரெஸ்டனிலிருந்து வடக்கே கார்ஸ்டாங், லங்காஸ்டர். அங்கிருந்து லூன் ஆற்றின் ஓரமாகக் கர்பி லான்ஸ்டேல். பிறகு இங்கிள்டன், செட்டில். திரும்பும் வழியில் போலண்ட் மலைப்பரப்பைக் கடந்து ஸ்லெய்ட்பர்ன், டன்சாப் பிரிட்ஜ், சிப்பிங் வழியாக மீண்டும் பிரெஸ்டன். போலண்டுக்குக் காடு என்று பெயர். ஆனால் அது அரசர்கள் வேட்டையாடியதால் வந்த பெயரேயன்றி, மரங்களால் வந்ததன்று. கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் சதுப்பும் காற்றும்தான். ஜனவரியில் அங்கே காலை எட்டரை மணியளவில்தான் விடியும். மாலை நாலரைக்கு முன்பே இருட்டிவிடும்.

ஏழரை மணிக்கு, இருட்டில், விளக்குகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். நான் குடித்தது ஒரு கோப்பைத் தேநீர்; தின்றது இரண்டு துண்டு ரொட்டி. 'பசிக்கவில்லையே' என்பதுதான் காரணம். வழிக்கென்று ஒன்றே ஒன்று எடுத்துச் சென்றேன். முந்திய வாரம் ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் உம்மா கொடுத்தனுப்பியிருந்த தொதல். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்கில் கிண்டி எடுக்கும் எங்கள் ஊர்த் தொதலைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதில் ஒரு பெரிய கட்டியைத் தாளில் சுற்றி, இருக்கையின் பின்னே கட்டிய பையில் வைத்துக்கொண்டேன்.

கர்பி லான்ஸ்டேலில் தேநீருக்கு நின்றோம். ஓட்ஸும் வெண்ணெயும் சர்க்கரைப் பாகும் சேர்த்துச் சுட்ட பணியாரத்தை ஒருவர் என் பக்கம் நீட்டினார். "வேண்டாம், நன்றி" என்றேன். அவர் உடனே எடுத்துக்கொண்டார். ஆங்கிலேயர் நம்மைப்போல் மூன்றுமுறை கேட்பதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே பொருள் கொள்வார்கள். அதுதான் அவர்களுடைய மரியாதை. என் வாய் 'வேண்டாம்' என்றது. என் வயிறோ இரண்டாவது அழைப்புக்குக் காத்திருந்தது. அழைப்பு வரவில்லை.

பகல் ஒரு மணிக்குச் செட்டில். கடையில் நல்ல கூட்டம். மற்றவர்கள் ரொட்டியின்மேல் அவரை விதையைச் சூடாகக் கொட்டி உண்டார்கள். பன்றிக்கறி பொரிக்கும் அடுப்புக்குப் பக்கத்திலிருந்து வருவதாயிற்றே என்று எனக்குத் தயக்கம். 'இது எப்படிச் சமைத்தது?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். கூட்டத்தின் நடுவே கேட்கக் கூச்சப்பட்டு, வெறும் தேநீரோடு எழுந்தேன். அப்போதும் எனக்குப் பெரிதாகப் பசிக்கவில்லை. தாகமோ அறவே இல்லை. காலையில் நிரப்பிய தண்ணீர்க் குப்பி முக்காலும் அப்படியே இருந்தது. தண்ணீர் பனிக்கட்டிபோல் குளிர்ந்து பல்லைக் கூசச் செய்தது.

செட்டிலை விட்டுத் தெற்கே டாசைட் என்னும் சிற்றூரை நோக்கிச் சாலை ஏறுகிறது. தொண்ணூற்றைந்து கிலோமீட்டரைத் தாண்டியிருப்போம். முதலில் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். முன்னே போகிறவர்கள் வேண்டுமென்றே வேகமாய்ப் போவதாக நினைத்தேன். பிறகு, காற்றே இல்லாத இடத்தில் எதிர்க்காற்று அடிப்பதுபோல் கால்கள் கனத்தன. கைகள் நடுங்கின, குளிரில் வியர்த்தது. உம்மாவின் தொதல் நினைவு வந்தது. வண்டியை நிறுத்திக் கையுறையைக் கழற்றிக் கடித்தேன். பல் இறங்கவில்லை. கல். தேங்காயெண்ணெய் 24 பாகை வெப்பத்துக்குக் கீழே போனால் உறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியாததன்று. அங்கே வெப்பம் சுழியத்தை ஒட்டியிருந்தது. கடித்துத் தின்னவும் முடியாமல், உடைக்கவும் விரல்களில் வலுவில்லாமல், சாலையோரத்துக் கற்சுவரின் அடியில் உட்கார்ந்துவிட்டேன். எழவேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. அங்கேயே உறங்கிவிடலாம் என்று தோன்றியது. அச்சம் தரவேண்டிய அந்த எண்ணம், அப்போது சுகமாக இருந்தது.

எனக்கு நேர்ந்ததை ஆங்கிலச் சைக்கிள்காரர்கள் 'ஹங்கர் நாக்' என்கிறார்கள்; பசி வந்து அடித்துவிட்டது என்று பொருள். 'பாங்க்' என்றும் சொல்வதுண்டு. ஜெர்மானியரும் டச்சுக்காரரும் 'சுத்தியல்காரன் வந்துவிட்டான்' என்பார்கள். பெயர் எதுவாயினும் காரணம் ஒன்றே. நம் உடலில் இரண்டு சேமிப்புகள் இருக்கின்றன. ஒன்று கொழுப்பு. இது கொல்லையில் இருக்கும் நெற்குதிர் போன்றது. பத்துக் கிலோ கொழுப்பில் எழுபதாயிரம் கலோரிக்கு மேல் அடங்கியிருக்கும். ஆனால் குதிரிலிருந்து நெல்லை அள்ளி, குத்திப் புடைத்து அரிசியாக்க நேரமாகும். மற்றொன்று கிளைக்கோஜன் எனப்படும் மாச்சத்து. தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் ஈரலில் 100 கிராமும் இருக்கும். இது அடுக்களையில் உள்ள அரிசிப்பானை. மொத்தம் 2,000 கலோரிதான். சைக்கிள் ஓட்டுகையில், வேகத்தையும் எடையையும் பொறுத்து மணிக்கு 400 முதல் 600 கலோரிவரை செலவாகும். குதிரும் தன்னாலியன்ற பங்கைத் தரும். எனினும் பானை குறைந்துகொண்டேதான் போகும். குளிரில் உடல் நடுங்கினாலோ, அந்நடுக்கமும் அதே பானையில்தான் கை வைக்கும். பானை வற்றி இரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது, அதையே பெரிதும் நம்பி வாழும் மூளை முதலில் தடுமாறும். என் காரணமற்ற கோபத்துக்கும் உறக்கத்துக்கும் அதுவே காரணம்.

இதை மருத்துவ உலகம் கண்டறிந்து நெடுங்காலமாயிற்று. 1924 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நெடுந்தூர ஓட்டப் பந்தயம் முடிந்ததும் ஓட்டக்காரர்களின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். சோர்ந்து விழும் நிலையில் வந்தவர்களின் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. மறு ஆண்டு, சிலரை வழியிலேயே மிட்டாய் தின்னச் செய்தார்கள். அவர்கள் தெளிவோடு வந்து சேர்ந்தார்கள். 1966 இல் சுவீடன் நாட்டு மருத்துவர்களான பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் ஆகிய இருவரும் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ஒரே சைக்கிளின் இருபுறமும் நின்று, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைப்படையும்வரை மிதித்தார்கள். பிறகு தங்கள் தொடைகளிலேயே ஊசியைச் செலுத்தித் தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலில் மாச்சத்து ஏறக்குறைய வற்றியிருந்தது. ஓய்ந்திருந்த காலில் குறையவில்லை. மூன்று நாள் மாச்சத்துணவை நிறைய உண்ட பிறகு, உழைத்த கால் மற்றதைப் போல் இருமடங்கு சேமித்திருந்தது. உழைக்கும் உறுப்பு தன் கூலியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவையெல்லாம் நான் பின்னால் படித்தறிந்தவை. அன்று அந்தச் சுவரடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியவர் திரும்பி வந்து என்முன் நின்றார் என்பதே. மற்றவர்களை ஸ்லெய்ட்பர்னுக்குப் போகச் சொல்லிவிட்டுத் தனியாக வந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து வண்ண வண்ண ஜெல்லி மிட்டாய்களை எடுத்து நீட்டி, "தம்பி, முதலில் இதை வாயில் போடு" என்றார்.

நான் தலையசைத்தேன். காலையிலிருந்து இது மூன்றாவது 'வேண்டாம்'. ஆனால் இது கூச்சத்தின் 'வேண்டாம்' அன்று. அந்த மிட்டாய் ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. உயிர் போகும் நிலையில் எது ஆகும், எது ஆகாது என்ற சட்டத்தை ஆராயும் தெளிவு அப்போது எனக்கு இல்லை. பழக்கம்தான் தலையை அசைத்தது. பெரியவர் முகம் கடுத்தது. "இது வீம்புக்கு உரிய நேரமன்று" என்றார். நான் தட்டுத் தடுமாறிக் காரணத்தைச் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். மிட்டாயைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தம் வண்டியின் முன்பையைத் திறந்து, தாளில் சுற்றிய ரொட்டியை எடுத்தார். வெண்ணெயும் பழப்பாகும் தடவிய நான்கு துண்டுகள். பிளாஸ்க்கிலிருந்து, சர்க்கரை நாவில் ஒட்டும் அளவுக்கு இனித்த தேநீரை ஊற்றினார். தம் மேலங்கியைக் கழற்றி என்மேல் போர்த்தினார். "மெதுவாக. எல்லாவற்றையும் தின்று முடி" என்றார்.

நான் தின்று முடித்தேன். பதினைந்து இருபது நிமிடத்தில் உலகம் திரும்பி வந்தது. கோபம் போயிற்று, குளிர் தெரிந்தது. குளிர் தெரிந்ததற்காக அல்லாஹ்வைப் புகழ்ந்தேன். கல்லான தொதலை அவரிடம் காட்டியபோது முதன்முறையாகச் சிரித்தார். "உணவைப் பையில் வைக்காதே, நெஞ்சில் வை" என்று சொல்லி, அதை என் உள்சட்டைக்கும் மேலங்கிக்கும் நடுவே செருகச் செய்தார்.

ஸ்லெய்ட்பர்னில் கூட்டத்தோடு சேர்ந்து மீண்டும் புறப்பட்டோம். டன்சாப் பிரிட்ஜைக் கடந்து வைட்வெல்லை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அதற்கப்பால் ஓர் ஏற்றம். என் கால்கள் ஓடின, பெரியவர் பின்தங்கினார். அவருடைய கடிகாரம் 'கீச்' என்றது. அவர் கை பைக்குப் போய், வெறுமனே திரும்பியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உண்ட நான்கு துண்டு ரொட்டியும் அவருடைய பிற்பகல் உணவு. மிட்டாயையும் அதற்குள் தின்று தீர்த்திருந்தார். என் 'வேண்டாம்'களின் விலையை இந்த முதியவரின் வயிறு கொடுத்துக்கொண்டிருந்தது. தன் வயிற்றைப் பட்டினி போடுவது மானம் என்று எண்ணியிருந்தேனே, அந்த மானம் பிறர் உணவைப் பறிப்பதில் வந்து முடிந்தது.

நெஞ்சருகே கையை விட்டேன். ஒன்றரை மணி நேரம் உடற்சூட்டில் இருந்த தொதல், உம்மா கிண்டி இறக்கிய நாளில் இருந்ததுபோல் மெத்தென்று இளகியிருந்தது. பிட்டு எடுத்தேன். "வேண்டுமா?" என்று கேட்கவில்லை. கேட்டால் அவரும் "வேண்டாம்" என்று சொல்லக்கூடும். கேளாமலே அவர் கையில் வைத்தேன். தின்றார். சற்றுத் தூரம் போனதும் கையை மீண்டும் நீட்டினார். சிப்பிங் வந்து சேருவதற்குள் இருவருமாக முழுக் கட்டியையும் தீர்த்தோம். ஏழு மணிக்கு வீடு சேர்ந்தேன்.

பெரியவரின் கடிகாரச் சட்டம் அவராகக் கண்டதன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். பிரான்சின் சாந்த் எத்தியேன் நகரில் பட்டு வணிகம் செய்து, பிறகு சைக்கிளுக்கே வாழ்வை ஒப்படைத்த பால் த விவி (1853–1930) என்பவர், 'வெலோசியோ' என்ற புனைபெயரில் பயணிகளுக்கு ஏழு விதிகளை வகுத்திருந்தார். பசிக்குமுன் உண்க, தாகத்துக்குமுன் பருகுக என்பது அவற்றுள் ஒன்று. பயணத்தில் மதுவும் புகையிலையும் ஆகா என்பது மற்றொன்று. இறுதி விதிதான் என்னைச் சுட்டது: வீண்பெருமைக்காக ஒருபோதும் மிதிக்கலாகாது.

வாப்பாவின் சட்டம் பிழையானதா என்று நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். பிழையன்று. வீட்டில் அமர்ந்திருப்பவனுக்குப் பசி நல்ல வாத்தியார். ஆனால் குளிரில் உழைப்பவனுக்குப் பசியும் தாகமும் நேரத்துக்கு வந்து சொல்லும் சாட்சிகள் அல்ல. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உள்ளுறுப்புகளின் பக்கம் திரள்கிறது. இரத்தம் போதிய அளவு இருப்பதாக மூளை தவறாக முடிவு செய்து, தாகத்தை அடக்கிவிடுகிறது. சிறுநீரகமும் நீரை வெளியேற்றுகிறது. வாயிலிருந்து புகைபோல் வெளிவரும் ஒவ்வொரு மூச்சும் நீர்தான். ஆகவே தாகம் இல்லை என்பதால் நீர் குறையவில்லை என்று கொள்ளலாகாது.

அதற்குப் பிறகு எட்டுக் குளிர்காலங்கள் அந்தச் சாலைகளில் ஓட்டினேன். பட்டறிவால் கண்டவற்றைச் சொல்கிறேன்.

புறப்படுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே இட்லியோ ஓட்ஸ் கஞ்சியோ வயிறார உண்ணவேண்டும். வண்டி ஏறியபின், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவாய். ஒரு மணி நேரத்தில் 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போகவேண்டும் என்பது கணக்கு. பெரிய பேரீச்சம்பழம் ஒன்றில் ஏறத்தாழ 17 கிராமும், நடுத்தர வாழைப்பழத்தில் 27 கிராமும் உண்டு. இரண்டு பேரீச்சையும் அரை வாழைப்பழமும் இருந்தால் ஒரு மணி நேரம் நிறைந்துவிடும். பேரீச்சையின் கொட்டையை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். தின்பண்டத்தைச் சுற்றியிருக்கும் தாளையும் முன்பே பிரித்து வையுங்கள். தடித்த கையுறையோடு வழியில் அதைச் செய்ய முடியாது. முடியாததை மனிதன் தள்ளிப்போடுவான். தள்ளிப்போட்டவன் சுவரடியில் உட்காருவான். தொதலைக் காசளவு துண்டுகளாக நறுக்கி, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்வேன்.

நாலைந்து மணி நேரம் கழிந்தபின் இனிப்பு திகட்டும். நாவு உப்பைத் தேடும். உப்பும் மிளகும் தூவிய அவித்த உருளைக்கிழங்கு, சம்சா ஆகியவை அப்போது கைகொடுக்கும். ஆனால் எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது நம் நோன்புக் கஞ்சிதான். இந்த யோசனை என் துணைவியாருடையது. "பகலெல்லாம் வெறும் வயிறாக இருந்தவர்களுக்கென்று நம் பெரியவர்கள் கண்டுபிடித்தது, உங்கள் சைக்கிளுக்கு ஆகாதா?" என்று கேட்டாள். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சியும் சேர்த்து, தேங்காய்ப்பாலைக் குறைத்து, குடிக்கும் பதத்தில் நீர்க்கக் காய்ச்சி, அரை லிட்டர் பிளாஸ்க்கில் ஊற்றித் தந்தாள். மாச்சத்து, உப்பு, நீர், சூடு ஆகிய நான்கும் ஒரே மிடற்றில். பெரியவர் ஒருநாள் வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வாரம் தாமே ஒரு வெற்றுப் பிளாஸ்க்கோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

குடிநீரைப் பொறுத்தவரை, மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் குடிக்கலாம். குளிர்ந்த நீரைக் குடிக்க மனம் வராது. ஆகவே வெந்நீரில் சிறிது சர்க்கரையும் எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, சூடு காக்கும் குப்பியில் ஊற்றுங்கள். கடுங்குளிரில் நீர் மேற்பரப்பிலிருந்தே உறையத் தொடங்கும். குப்பியைத் தலைகீழாகச் செருகினால் வாய்ப்பகுதி அடைபடாது. கடையில் நின்றால் நீண்ட நேரம் உட்காராதீர்கள். வியர்த்த உடல் சட்டெனக் குளிர்ந்துவிடும். வீடு திரும்பியதும் ஒரு மணி நேரத்துக்குள் நன்றாக உண்ணுங்கள். வற்றிய தசை அப்போதுதான் மிக விரைவாக நிரம்பும். சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் இவற்றைத் தங்கள் மருத்துவரிடம் கலந்த பின்னரே கைக்கொள்ள வேண்டும்.

ஹலாலைப் பற்றியும் ஒரு சொல். அதன்பின் எந்தக் கடையிலும் நான் கூச்சப்படவில்லை. "இதில் என்ன சேர்ந்திருக்கிறது? எந்தச் சட்டியில் செய்தது?" என்று கேட்டேன். எட்டு ஆண்டுகளில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பேணுதல் உள்ளவன் முன்னேற்பாடும் உள்ளவனாக இருக்கவேண்டும். பையில் பேரீச்சை இல்லாமல் போய், பிறர் மிட்டாயை மறுத்து, அவருடைய ரொட்டியைத் தின்பது பேணுதல் ஆகாது.

2011 இல் ஊர் திரும்பிவிட்டேன். உம்மா 2014 இல் இறையடி சேர்ந்தார்கள். பிரெஸ்டனில் இருந்த காலத்தில் ஞாயிறுதோறும் இரவு அவர்களோடு தொலைபேசியில் பேசுவது வழக்கம். ஸலாமுக்கு அடுத்து அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "சாப்பிட்டாயா வாப்பா?" என்பதுதான். அந்த ஜனவரி ஞாயிறன்றும் கேட்டார்கள். நடந்ததைச் சொல்லி அவர்களைக் கலங்கவைக்க விரும்பாமல், பழைய பழக்கத்தில், "பெரிதாகப் பசிக்கவில்லை உம்மா" என்றேன்.

கம்பியின் அந்தப் பக்கம் சற்று நேரம் அமைதி. பிறகு சொன்னார்கள்: "பசிக்கிறதா என்று நான் கேட்கவில்லையே. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டேன்."

ஒலிவாங்கியை வைத்துவிட்டு, நேரே அடுக்களைக்குப் போனேன்.